கையை எடுத்தால் ஸ்டீயரிங் ஆடுகிறதா? அதைக் கொல்லாதீங்க, அடக்குங்க!

இரவு 11 மணி இருக்கும். நூம்பலில் நான் வாடகைக்கு இருக்கும் முதல் மாடி வீடு. கேமில் நீண்ட நேர்சாலை, வேகம் 240 கிலோமீட்டர். ஒரு கையால் டீ கிளாஸை எடுத்தேன், மறு கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தேன். ஸ்டீயரிங்கில் கையே இல்லாத அந்த ஒரு நொடியில், அது தானாகவே இடம் வலமாக ஆட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று. மேசை அதிர்ந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது, கார் சுவரில் போய் மோதியது.

மறுநாள் காலை படிக்கட்டில் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மிக்ஸியில என்ன அரைச்சீங்க?"

"மிக்ஸி இல்ல ஆன்ட்டி, கார் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"மாடியிலயா?"

டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வாங்கிய பலருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கும் காசைப் போட்டு ஒரு ஸ்டீயரிங் வாங்கி, அது முதல் வாரமே இப்படி ஆடினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். 'டிஃபெக்ட் பீஸ் போல' என்று சிலர் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். சிலர் வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் செட்டிங்கில் டேம்பர் என்று இருப்பதை நூற்றுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம்.

மூன்றுமே தவறு என்பது என் கருத்து. அந்த ஆட்டம் பெரும்பாலும் பழுது அல்ல. அதை முழுசாக ஒழித்துக்கட்டவும் கூடாது. ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் அடக்க வேண்டும்.

*எதற்கு இவ்வளவு அக்கறை?*

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறக்கப்பட்ட, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள ரேஸ் டிராக் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த ஊர் இது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இரண்டாமவர் கருண் சந்தோக் சென்னைக்காரர். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஸ்ட்ரீட் ரேஸே நடந்தது. ஆசை நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆனால் கார், டயர், பெட்ரோல், லைசென்ஸ், என்ட்ரி ஃபீஸ் என்று கணக்குப் போட்டால், மாதச் சம்பளக்காரருக்கு டிராக் எட்டாத தூரம்.

அதனால்தான் சிம் ரேஸிங். கேமிங் பிசி வாங்க முடியாதவர்கள், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸுடன் ஸ்டீயரிங்கை இணைக்கிறார்கள். முன்பெல்லாம் கன்சோலுக்கு கியர் அல்லது பெல்ட் வைத்த ஸ்டீயரிங்குகள்தான் கிடைத்தன. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஃபேனடெக்கின் கிரான் டூரிஸ்மோ டிடி புரோ, 2022-ல் வந்த லாஜிடெக் ஜி புரோ, 2024-ல் வந்த த்ரஸ்ட்மாஸ்டர் டி598 என்று வரிசையாக டைரக்ட் டிரைவ் இறங்கியது. மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங்கை நேராக மாட்டிவிடுவதுதான் டைரக்ட் டிரைவ். நடுவில் பல்சக்கரம் இல்லை, பெல்ட் இல்லை.

இதன் பலம் எவ்வளவு? கியர் வகை ஸ்டீயரிங்குகள் சுமார் 2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தரும். டைரக்ட் டிரைவில் 5, 8, 11 என்று போகிறது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்டீயரிங்கில் 8 நியூட்டன் மீட்டர் என்றால், அதன் ஓரத்தில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. ஐந்து கிலோ பை நொடிக்கு நான்கைந்து முறை இடமும் வலமும் மாறி மாறி இழுத்தால் மேசை என்ன ஆகும், கட்டைவிரல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

*ஏன் தானாக ஆடுகிறது?*

குளியலறை கீசர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் வரவில்லையே என்று குழாயை இன்னும் திருப்புவோம். சில நொடி கழித்துக் கொதிக்கிற தண்ணீர் வந்து விழும். ஐயோ என்று பச்சைத் தண்ணீரைத் திறப்போம். அதுவும் தாமதமாக வந்து, ஐஸ் மாதிரி கொட்டும். மறுபடி சுடுதண்ணீர்ப் பக்கம். குழாயில் கோளாறு இல்லை, நம் கையிலும் கோளாறு இல்லை. நாம் திருப்புவதற்கும் தண்ணீர் மாறுவதற்கும் நடுவே இருக்கும் தாமதம்தான் நம்மை இப்படி ஆட்டுவிக்கிறது.

ஸ்டீயரிங்கிலும் இதேதான். ஓடும் காரின் முன்சக்கரங்கள் எப்போதும் நேராக வரவே பார்க்கும். கேம் இதைக் கணக்குப் போட்டுத்தான் ஸ்டீயரிங்குக்கு விசை அனுப்புகிறது. ஸ்டீயரிங் ஐந்து டிகிரி இடப்பக்கம் இருக்கிறது என்ற தகவல் யுஎஸ்பி வழியாகக் கன்சோலுக்குப் போகிறது. 'அப்படியானால் வலப்பக்கம் இழு' என்று கேம் முடிவு செய்கிறது. அந்தக் கட்டளை திரும்பி வந்து மோட்டாரை எட்டுவதற்குள் சில மில்லிசெகண்டுகள் ஓடிவிடும். அதற்குள் ஸ்டீயரிங் ஏற்கெனவே நடுவுக்கு வந்திருக்கும். ஆனால் பழைய நிலைக்குப் போட்ட கணக்குப்படி மோட்டார் இன்னும் வலப்பக்கம் தள்ளுகிறது. நடுவைத் தாண்டி வலப்பக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து மறுபடி இடப்பக்கம்.

ஊஞ்சலில் உட்கார்ந்தவரைச் சரியான நேரத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளினால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும் இல்லையா? தாமதமாக வரும் அந்த விசை, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீயரிங்குக்குக் கொடுக்கும் தள்ளும் அப்படிப்பட்டதுதான்.

"என் பழைய இருபதாயிரம் ரூபாய் ஸ்டீயரிங் ஆடவே இல்லையே பாஸ்" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதிலும் தாமதம் இருந்தது. ஆனால் பல்சக்கரங்களும் பெல்ட்டும் தரும் உராய்வு அந்த ஆட்டத்தை முளையிலேயே விழுங்கிவிட்டது. கூடவே சாலையின் நுணுக்கமான தகவலையும் விழுங்கிவிட்டது. டைரக்ட் டிரைவில் அந்த உராய்வு மிகக் குறைவு. டயர் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தெரிய வேண்டும் என்றுதான் காசு கொடுத்து உராய்வை எடுக்கிறோம். அதே காரணத்தால் ஆட்டமும் வருகிறது. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு முகம்.

*இது புதுப் பிரச்சினையே இல்லை*

நீராவி இயந்திரங்களின் வேகத்தைச் சீராக்க வைத்த கருவிகள், சீராக்குவதற்குப் பதிலாக வேகத்தை மேலும் கீழும் ஆட்டின. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-லேயே இதைப் பற்றிக் கணிதக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

நமக்குப் பக்கத்து உதாரணம் ரயில். ரயில் சக்கரங்கள் லேசாகக் கூம்பு வடிவில் இருக்கும். தண்டவாளத்தின் நடுவில் வண்டி தானாக நிற்க உதவுவது அந்த வடிவம்தான். ஆனால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அதே வடிவம், சக்கரங்களை இடம் வலமாக அலையவைக்கும். ரயில்வேயில் இதற்கு 'ஹன்டிங்' என்று பெயர். பொறியாளர்கள் இதற்காகச் சக்கரத்தை இறுக்கிக் கட்டிப்போட்டுவிடவில்லை. எல்ஹெச்பி பெட்டிகளின் போகிகளில் ஆட்டத்தை உறிஞ்ச டேம்பர்களைப் பொருத்தினார்கள். சக்கரம் தன் வேலையைச் செய்கிறது, ஆட்டம் மட்டும் அடங்குகிறது.

நிஜக் காரிலும் ஸ்டீயரிங் ரேக்கின் உராய்வு, பவர் ஸ்டீயரிங், ரப்பர் புஷ்கள் எல்லாம் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுநரின் கை இருக்கிறது. மனிதக் கை ஒரு அருமையான டேம்பர். இறுக்கிப் பிடிக்கக்கூட வேண்டாம், லேசாக வைத்திருந்தாலே போதும். 240-ல் போகும் காரில் இரண்டு கையையும் எடுப்பவர் யாரும் இல்லை. ஆக, நான் டீ குடித்த அந்த ஒரு நொடியை வைத்து ஸ்டீயரிங்கைக் குறை சொன்னது என் தப்பு.

*சரி, எப்படி அடக்குவது?*

கையை வைத்திருக்கும்போதும் ஆடினால், அல்லது கையைத் தளர்த்தியதும் ஆட்டம் அடங்காமல் கூடிக்கொண்டே போனால், செட்டிங் மாற்றத்தான் வேண்டும். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் மேசை. லொடலொட மேசையில் மாட்டிய ஸ்டீயரிங், செட்டிங்கில் என்ன செய்தாலும் ஆடும். கிளாம்ப்பை இறுக்குங்கள், மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கீழ் வீட்டுக்காரர் இருந்தால், மேசைக் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் பாய் போடுவது உறவுக்கு நல்லது.

இரண்டாவது, ஸ்டீயரிங் பேஸின் ஃபர்ம்வேரையும் கேமையும் அப்டேட் செய்யுங்கள். பேஸ் சரியான கன்சோல் மோடில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பலத்தைக் குறையுங்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். '8 நியூட்டன் மீட்டருக்குக் காசு கொடுத்துட்டு 5-ல ஓட்டணுமா?' என்று மனசு கேட்கும். பைக்கில் 120 போகும் என்பதற்காகத் தெருவுக்குள் 120-லா போகிறோம்? பலம் கூடக்கூடத் தாமதமாக வரும் தள்ளும் பெரிதாகிறது. பாதியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

நான்காவது, திரும்பும் கோணம். ஸ்டீயரிங் சுழலும் அளவை 900 அல்லது 1080 டிகிரியில் அல்லது ஆட்டோவில் விடுங்கள். 'சட்டுனு திரும்பணும்' என்று 360-க்குக் குறைத்தால், கை லேசாக அசைந்தாலும் கேமில் சக்கரம் நிறையத் திரும்பும். பதிலுக்கு வரும் விசையும் பெரிதாகும். ஆட்டத்துக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல.

ஐந்தாவதுதான் டேம்பர். ஃபேனடெக்கில் 'நேச்சுரல் டேம்பர்', லாஜிடெக் ஜி புரோவில் 'டேம்பனர்' என்று இருக்கும். ஸ்டீயரிங் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, அந்த அளவுக்கு எதிர்ப்புத் தருவது இதன் வேலை. சில கேம்களுக்குள்ளும் இப்படி ஒரு ஸ்லைடர் உண்டு. எஃப்1 கேம்களில் 'வீல் டேம்பர்', அசெட்டோ கோர்சா காம்பெட்டிட்சியோனேயில் 'டைனமிக் டேம்பிங்'. ஆனால் முதலில் பேஸில் இருப்பதைத் தொடுங்கள். அது ஸ்டீயரிங்குக்குள்ளேயே கணக்கிடப்படுவதால், கன்சோலுக்குப் போய்த் திரும்பும் தாமதம் அதில் இல்லை. தாமதத்தால் வந்த நோய்க்குத் தாமதமில்லாத மருந்து.

எவ்வளவு வைப்பது? நேர்சாலையில் வேகமாகப் போகும்போது கைகளை ஸ்டீயரிங்கைச் சுற்றி வளையமாக வைத்துப் பிடியை மட்டும் தளர்த்துங்கள். டேம்பரை ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ கூட்டுங்கள். இரண்டு மூன்று ஆட்டத்தில் தானாக அடங்குகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். ஆட்டமே வராத அளவுக்குப் போகாதீர்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. 'மினிமம் ஃபோர்ஸ்' என்ற செட்டிங், பழைய ஸ்டீயரிங்குகளில் உராய்வைத் தாண்டிச் சின்ன விசையைக் கைக்குக் காட்டுவதற்காக வந்தது. டைரக்ட் டிரைவில் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லையென்றால் நடுப்பகுதியில் வீணாக உதறும். ஃபில்டர் அல்லது இன்டர்போலேஷன் என்று இருப்பதை அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள். அது சொரசொரப்பைக் குறைக்கும், ஆனால் விசையைச் சமப்படுத்த நேரம் எடுக்கும். தாமதம் கூடி, சில சமயம் ஆட்டம் இன்னும் மோசமாகும். 'இனர்ஷியா' என்பதை டேம்பர் என்று நினைத்து ஏற்றாதீர்கள். அது ஸ்டீயரிங்கைக் கனமாக்கிக் காட்டும். கனமான பொருள் ஆடத் தொடங்கினால் நிற்க நேரமாகும்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். டிவியை 'கேம் மோடு'க்கு மாற்றினால் ஆட்டம் போகுமா? போகாது. ஸ்டீயரிங்கின் விசைக்கும் டிவிக்கும் தொடர்பில்லை. ஆனாலும் மாற்றுங்கள். உங்கள் கண்ணுக்கும் கைக்கும் நடுவே உள்ள தாமதம் குறையும்.

*டேம்பரை நூறில் வைத்தால் என்ன தப்பு?*

நானே செய்து பார்த்தேன். ஆட்டம் நின்றது. ஸ்டீயரிங் தேனுக்குள் சுழல்வது போல அமைதியாக இருந்தது. அன்றிரவு முழுக்க ஒரே வளைவில் திரும்பத் திரும்ப வண்டி சுழன்றது. பின்சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடும். அதைக் கையில் உணர்ந்து வழிவிட்டால் வண்டி நிமிரும். டேம்பர் அந்த ஓட்டத்தையே பிடித்து வைத்துவிட்டது. எனக்குத் தகவல் வந்து சேரும்போது வண்டி பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. உராய்வை எடுக்கக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, செட்டிங்கில் அதே உராய்வைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

யாரோ வீடியோவில் சொன்ன எண்களை அப்படியே காப்பி அடிப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை. அவருடைய மேசை வேறு, ரிம்மின் எடை வேறு, பிடி வேறு, கார் வேறு. காரணத்தைப் புரிந்துகொண்டால் எண் தானாக வரும்.

*தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை*

எல்லாப் பழியையும் வாங்குபவர் மீது போடுவதும் சரியில்லை. பிசியில் ஓட்டுபவருக்கு ஆயிரம் வழி உண்டு. தனி மென்பொருள் போடலாம், ஃபைலைத் திறந்து எண்ணை மாற்றலாம். கன்சோல்காரருக்குக் கிடைப்பது கேம் கொடுக்கும் நாலைந்து ஸ்லைடரும், பேஸில் உள்ள சின்ன மெனுவும்தான். அந்த மெனுவில் இருப்பதோ மூன்றெழுத்துச் சுருக்கங்கள். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்க ஒரு வரிகூட இருக்காது.

முதல் முறை ஸ்டீயரிங்கை இணைக்கும்போதே, 'பிடியைத் தளர்த்துங்கள், ஆடுகிறதா பார்ப்போம்' என்று ஒரு நிமிடச் சோதனை வைத்து டேம்பரைத் தானாகப் பொருத்திவிட முடியாதா? குறைந்தது, டைரக்ட் டிரைவைக் கண்டதும் கேம் பாதிப் பலத்தில் தொடங்கலாமே? பெட்டியில் '11 நியூட்டன் மீட்டர்' என்று பெரிய எழுத்தில் போடுபவர்கள், 'கையை எடுத்தால் ஆடும், அது இயல்பு' என்று சின்ன எழுத்திலாவது போடலாம். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாத ஊரில், அந்த ஒரு வரி பல பேரின் தூக்கத்தைக் காப்பாற்றும்.

பாதுகாப்பும் இதில் சேர்த்தி. ஸ்டீயரிங் ஆடத் தொடங்கினால் எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், விரல் போய்விடும். கேமை பாஸ் செய்யுங்கள், அல்லது பேஸின் பவரை அணையுங்கள். ஓட்டும்போது கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிக்குள் கொக்கி போல மாட்டாமல் வெளியே வையுங்கள். குழந்தைகள் உட்காரும்போது பலத்தை மிகக் குறைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டியின் பேரன் மேலே வந்தான். பலத்தை 2-க்குக் குறைத்து, கட்டைவிரலை எங்கே வைப்பது என்று சொல்லிவிட்டு உட்கார வைத்தேன். நேர்சாலையில் ஸ்டீயரிங் லேசாகத் துடித்தது. "அண்ணா, இது ஏன் ஆடுது?" என்றான்.

"கார் உன்கூடப் பேசுதுடா. கையை எடுக்காம கேளு" என்றேன்.

கீழே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. இந்த முறை நிஜ மிக்ஸி.